மீன் தலைகள் வந்த வழி

1

முப்பத்தோராண்டுகள் நான்காம் மாடியில் குடியிருந்துவிட்டு, சென்ற வாரம் முதல் தரைத்தளத்தில் வசிக்கிறேன். வீடு மாறுவது எந்த ஊரிலும் நடப்பதே. பாரீசுக்கு வடக்கே ஒரு புறநகரில் ஒரு கிழவன் வீடு மாறியதில், இந்தக் குறிப்புகளைப் படிக்கும் காரைக்கால் அன்பர்களுக்கு என்ன செய்தி இருக்க முடியும் என்று தோன்றலாம். ஆனால் பழைய வீட்டைக் காலி செய்கையில் என் தாயாரைப் பற்றி எனக்குத் தெரியவந்த ஒரு விவரம், பத்தொன்பது ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டது. அதை நம்மூர்க்காரர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பாரம் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தாயார் அஞ்சலை அம்மாள், பட்டினச்சேரியில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு, மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். தந்தையார் மறைந்த பின் அவரை நான் இந்த நாட்டுக்கு அழைத்து வந்தேன். பதினான்கு மாதங்கள் என்னோடு இருந்தார். பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டார். அவரை நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைத்து, மனம் வெறுத்துப் போகும்படி செய்தவன் நானே என்று இத்தனை காலமும் நம்பி வந்தேன். இந்த நம்பிக்கையை நான் யாரிடமும் விரித்துப் பேசியதில்லை. பேசினால் ஆறுதல் சொல்வார்கள். ஆறுதலுக்கு நான் தகுதியுடையவன் அல்லன் என்பது என் எண்ணம்.

2

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று நாலு வரி எழுத முடிகிறதென்றால், ரொட்டித் தொழிற்சாலை வேலைக்குப் போகும் ரயிலில் பழைய தமிழ் வார இதழ்களை விடாமல் படித்ததன் பயன் அது. என் மனைவி சரோஜா கோட்டுச்சேரிக்காரர். அவருடைய தந்தையார் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். நம்மூர் வழக்கில் சொன்னால் சொல்தா. அந்த வழியில்தான் எனக்கும் இந்நாட்டுக் குடியுரிமை வாய்த்தது.

என் தாயாரின் அன்றாடத்தை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்பதில்லை. விடிந்ததும் கரைக்குப் போய், வந்து சேர்ந்த படகுகளில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் அடுக்கி, பேருந்தேறிக் கோட்டுச்சேரித் தெருக்களுக்கும் திருநள்ளாற்றுப் பக்கத்துக்கும் போவார். தெருமுனையில் நின்று அவர் “மீனோ... மீனோய்!” என்று குரல் கொடுத்தால் நான்காவது தெருவில் படுத்திருக்கும் பூனை எழுந்து நிற்கும் என்பார்கள். சனிக்கிழமை மட்டும் ஓய்வு. சனி பகவானுக்கு விரதமிருக்கும் பக்கத்தில் அன்று மீன் கூடையோடு போனால் வாங்குவாரும் இல்லை, முகம் கொடுப்பாரும் இல்லை. ஆகவே சனிக்கிழமைகளில் அம்மா துணி துவைப்பார், தலை முழுகுவார், மீதி நேரத்தில் எங்களைத் திட்டுவார்.

பேருந்தில் அவரைக் கடைசி இருக்கைக்கும் பின்னால் ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக் காட்டுவான். பத்து வயதில் நான் ஒரு முடிவெடுத்தேன்: என்றாவது ஒருநாள் அம்மாவின் தலையிலிருந்து அந்தக் கூடையை இறக்கிவிட வேண்டும். என் வாழ்க்கையில் நான் எடுத்த பெரிய முடிவு அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

அம்மா வந்து சேர்ந்ததும் வதிவிட அனுமதிக்காக மாவட்ட ஆட்சி அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்து, “தொழில்?” என்றார்.

“என்ன வேலைன்னு கேக்குறாங்கம்மா.”

“மீனு யாவாரம். பதினாறு வயசுலேருந்து பண்றேன்னு சொல்லு. மழைக்கும் லீவு கெடையாது, காச்சலுக்கும் லீவு கெடையாதுன்னு சொல்லு. செவுளத் தூக்கிப் பாத்தா எந்த வேளைக்கு வலையில பட்டுச்சுன்னு சொல்லிப்புடுவேன்னு சொல்லு.”

நான் கண்ணாடியின் பக்கம் திரும்பி, பிரெஞ்சில், “தொழில் இல்லை” என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் அவ்ளோ சொன்னேன், நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டியே?”

“இந்த பாஷையில அவ்ளோதாம்மா.”

“சுருக்கமான பாஷைதான்” என்றார்.

கோப்பில் அப்படியே பதிவாயிற்று. நான் பெருமையோடு வீடு திரும்பினேன். என் தாயாருக்கு இனித் தொழில் இல்லை. அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது. அன்றிரவு சாப்பாட்டின்போது உத்தரவும் போட்டேன். “இனிமே ராணி மாதிரி இரும்மா. டிவி பாரு, தூங்கு. வெளியில மட்டும் போவாத. பனி வழுக்கும், பாஷை தெரியாது, எங்கேயாவது தொலைஞ்சிட்டீன்னா என்னால தேட முடியாது.”

“சரிப்பா” என்றார் அம்மா. அவர் அவ்வளவு எளிதில் எதற்கும் சரி என்பவர் அல்லர் என்பதை அன்று நான் கவனித்திருக்க வேண்டும்.

பதினான்காம் மாதம், “டிக்கெட்டு போட்டுக் குடு, ஊருக்குப் போறேன்” என்றார். என்ன குறை என்று கேட்டேன். “கொறையெல்லாம் ஒண்ணுமில்ல. போறேன்” என்பதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. போய்ப் பத்து நாள்கூட ஆகியிருக்காது, அம்மா மறுபடியும் கூடையைத் தூக்கிவிட்டதாக என் தங்கை தொலைபேசியில் சொன்னாள். என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது. மூன்றாண்டுகள் கழித்து அவர் காலமானபோது, நான் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

அன்று முதல் ஒவ்வோர் ஐப்பசியிலும் அவருடைய திதிக்கு இங்கே படையல் போடுகிறேன். இட்லி, வடை, அதிரசம், வாழைப்பழம். எங்கள் குல வழக்கத்தில் மறைந்தவருக்குப் பிடித்த மீனையும் வைப்பதுண்டு. நான் வைத்ததில்லை. அந்த ஒரு நாளாவது அவருக்குக் கூடையின் நினைவு வரக்கூடாது என்பது என் தீர்மானம்.

3

வீடு மாற்றத்துக்குக் காரணம் என் முழங்கால்கள். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் நான்கு மாடி ஏறி இறங்க அவை மறுத்துவிட்டன. முழங்கால் மறுத்தால் போதாது, அதை அரசாங்கம் நம்ப வேண்டும். மருத்துவர் சான்று, எலும்பு நிழற்படம், மூன்றாண்டு வருமானப் பத்திரம் ஆகியவற்றோடு நான் இன்னும் உயிரோடிருப்பதற்கான சான்றும் கேட்டார்கள். அதை நானே நேரில் கொண்டு கொடுத்தும், அடுத்த மாதம் இன்னொரு பிரதி கேட்டுக் கடிதம் வந்தது. எப்படியோ, எங்கள் மகள் அமுதா வசிக்கும் ஊரிலேயே ஒரு தரைத்தள வீடு கிடைத்தது. திதிக்கு மறுநாள் காலை சாமான் ஏற்றும் வண்டி வரும் என்று முடிவாயிற்று.

வண்டிக்காரர்கள் ஒரு கட்டு ஒட்டுச்சீட்டு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அது யாருடையது, உள்ளே என்ன என்று எழுதி ஒட்ட வேண்டுமாம். சரோஜா கட்டுவார், நான் எழுதி ஒட்டுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது அவர் என்னிடம் ஒப்புக்கொள்ளும் சிறப்புகளில் ஒன்று.

சமையலறையிலிருந்து தொடங்கினோம். தொடங்கிய அரைமணி நேரத்தில் அம்மா தென்படலானார். வெப்பக் குழாய்க்குப் பின்னாலிருந்து அவருடைய பாக்குவெட்டி, ஒரு கம்பளிக் காலுறைக்குள் சுருட்டியபடி கிடைத்தது. தாழ்ப்பாள் நிற்காத சன்னல் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அதைக் கட்டியிருந்த கயிறு அம்மாவின் சிவப்புப் புடவைக் கரை என்பதை, அவிழ்க்கும்போதுதான் பார்த்தேன். பத்தொன்பது குளிர்காலம் அந்த முடிச்சு தாங்கியிருக்கிறது.

“மாமி முடிச்சு போட்டா அவங்களாலயே அவுக்க முடியாது” என்றார் சரோஜா. தம் மாமியாரை அவர் மாமி என்றே அழைப்பார். “கத்தரிக்கோல் வேணுமா?”

“வேணாம். மெதுவா அவுக்குறேன்.”

இப்படிச் சிரித்துக்கொண்டே வேலை செய்தவனை, பாத்திர அலமாரியின் கதவு சற்று நிறுத்திவிட்டது. கதவின் உட்புறத்தில், கீழ்த்தட்டுக்கு அருகே, நீலப் பென்சிலால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள். வரிசை வரிசையாக, நெருக்கமாக. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கோடு போட்டு நினைவு வைப்பது அவர் பழக்கம். எண்ணிப் பார்த்தேன். நூறுக்கும் மேல் இருந்தன.

சிறையில் கிடப்பவர்கள் சுவரில் நாள் எண்ணுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

4

அம்மாவின் தகரப்பெட்டி பரண்மேல் இருந்தது. ஊருக்குப் போகும்போது, “இங்கேயே கெடக்கட்டும், நான் என்ன பொட்டி தூக்குற வயசா?” என்று விட்டுப்போனார். திறந்து பார்க்க எனக்குத் துணிவு வந்ததில்லை. இப்போது ஒட்டுச்சீட்டில் உள்ளே என்ன என்று எழுத வேண்டுமே.

மேலே இரண்டு புடவைகள், நான் வாங்கிக் கொடுத்த கம்பளித் தொப்பி. அதற்கடியில், பழைய வெள்ளைத் துணியில் மிகவும் நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது ஒரு கருநீல ரப்பர் மேலங்கி. கழுத்தில் மாட்டி முதுகில் கட்டிக்கொள்வது. முழங்காலுக்குக் கீழே வரும். இங்கே மீன் கடைகளில் வேலை செய்பவர்கள் அணிவார்களே, அது. விரித்துப் பிடித்தேன். இரண்டு மூன்று செதில்கள் காய்ந்து, சன்னல் வெளிச்சத்தில் மின்னின.

“இது யாருது?” என்றேன்.

“என்னக் கேட்டா? நீங்கதான் எங்கேயாவது பொறுக்கிட்டு வந்திருப்பீங்க.”

“ரொட்டி சுடுறவனுக்கு மீனு செதில் எப்புடி வரும்?”

சரோஜா அங்கியை வாங்கி முகர்ந்து பார்த்தார். கோட்டுச்சேரியில் வயல் பக்கத்தில் பிறந்தவரானாலும் மீன் விஷயத்தில் என் தாயாரிடம் பயின்றவர். “மாமி இருந்தப்ப வீட்டுல வாரத்துக்கு ரெண்டு நாள் மீன் தலைக் கொழம்பு மணக்குமே. கீழ் வீட்டுக்காரி நாத்தம்னு கடுதாசிகூட போட்டாளே. அந்தத் தலையெல்லாம் எந்தக் கடையில வாங்குனீங்க?”

“நான் எங்க வாங்குனேன்? நீயில்ல வாங்குன?”

“நானா? நான் ஆஸ்பத்திரி சலவைக்கு ஏழு மணிக்குப் போயி நாலு மணிக்குத் திரும்புறவ. வந்து பாத்தா கொழம்பு கொதிச்சு இறக்கியிருக்கும். நீங்க ரெண்டு மணிக்கு வர்றப்ப வாங்கியாந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நான் வர்றப்பவே கொதிச்சிட்டுதான் இருக்கும். நீ முந்தின நாளே வாங்கி வெச்சிருப்பேன்னு நெனச்சேன். நல்லா பாத்து வாங்குறாளேன்னு மனசுக்குள்ள மெச்சிக்கவும் செஞ்சேன்.”

“வாயத் தொறந்து மெச்சியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமில்ல?”

அது நியாயமான கேள்வி. கட்டிய மனைவியை அவள் காது கேட்கப் புகழ்வது எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பழக்கமில்லை. அடுக்களைக்குள் எது எப்படி வந்தது என்று கேட்பதும் பழக்கமில்லை. இவ்விரண்டு பழக்கங்களின் நடுவே பதினான்கு மாதங்கள் ஏராளமான மீன் தலைகள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்திருக்கின்றன. அம்மா பொய் சொன்னதே இல்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. குழம்பைப் பற்றி யார் கேட்டாலும், “மீனு வந்திருக்கு” என்பார். படகு கரை சேர்ந்ததும் நம் கடற்கரையில் சொல்வது அப்படித்தானே. எங்கிருந்து, யாரால் என்று எவரும் கேட்பதில்லை.

5

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அமுதா உதவிக்கு வந்தாள். முப்பது வயது, பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எப்போதாவது தமிழில் பேசினால், “நீ சாப்பிட்டீங்களா?” என்று மரியாதையும் உரிமையும் கலந்து வரும். தொலைபேசி அழைப்புகள் வாரத்துக்கு ஒன்றாகி, இரு வாரத்துக்கு ஒன்றாகிவிட்டன. பிள்ளைகள் இப்படி விலகுவதைப் பற்றி இந்தக் குறிப்புகளில் முன்பே வருந்தி எழுதியிருக்கிறேன். இந்த முறை அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நாற்காலியின்மேல் கிடந்த அங்கியைப் பார்த்ததும் அவள் கைதட்டிச் சிரித்தாள். “அய்யோ, அப்பாயியோட தப்ளியே! இது இன்னும் இருக்கா?”

தப்ளியே என்பது இந்த மேலங்கிக்குப் பிரெஞ்சுப் பெயர். நானும் சரோஜாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“ஒனக்குத் தெரியுமா இது?” என்றார் சரோஜா.

“எனக்குத் தெரியாதா? நான்தானே கூடப் போவேன்.”

பிறகு நாங்கள் பெட்டி கட்டவில்லை. மூவரும் தரையில் உட்கார்ந்தோம். அமுதா தமிழும் பிரெஞ்சுமாகச் சொன்னாள்.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. அந்நாளில் அவளுக்குப் புதன்கிழமை பள்ளி கிடையாது, சனிக்கிழமையும் கிடையாது. எனக்கோ திங்கட்கிழமைதான் ஓய்வு. சரோஜாவுக்குச் சனிக்கிழமைகளிலும் முறை உண்டு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், புதனும் சனியும் காலை வேளையில் சந்தை கூடும். நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை. எங்களுக்குத் தமிழ்க் கடைகள் போதும். அம்மா வந்த மூன்றாம் வாரம், பேத்தியிடம், “ஏண்டி, இந்த ஊருல மனுசங்க மீனு திங்கிறாங்களா இல்லையா? எங்க விக்குதுன்னு காட்டு” என்று கேட்டிருக்கிறார்.

“நான் கூட்டிட்டுப் போனேன். அங்க யான்னு ஒருத்தர், பெரிய கடை. அப்பாயி ஒரு மீனைத் தூக்கி, இப்படி செவுளைத் திறந்து பாத்தாங்க. ‘நேத்து மீனு’ன்னு சொல்லி டப்புன்னு போட்டாங்க. யானுக்குக் கோவம். என்ன சொல்றாங்கன்னு என்னைக் கேட்டார். நான் சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா?”

“கேட்டாரே! அவர் முகம் சிவந்து, அப்புறம் சிரிச்சிட்டார். உண்மைதான், நேத்து மீன்தான்னு சொன்னார். அப்புறம் அவர் ஒரு பெரிய மீனை வெட்டி, தலையைக் குப்பையில போட்டார். அப்பாயி கத்துனாங்க பாருங்க! ‘அடப்பாவி, தலைய எறியிறானே, இவன் உருப்படுவானா’ன்னு. குனிஞ்சு குப்பையிலேருந்து எடுத்துட்டாங்க.”

அன்றைய தினம் தலைகள் இலவசமாக வந்தன. சும்மா வாங்கிக்கொண்டு போக அம்மாவுக்குக் கூச்சம். அடுத்த புதன்கிழமை, கவிழ்த்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டார். புடவைக்குமேல் என் பழைய குளிர்ச்சட்டை, தலையில் கம்பளித் தொப்பி, யான் கொடுத்த தப்ளியே. மத்தியானம் வீடு திரும்பி, குளித்து, குழம்பு வைத்து, தொலைக்காட்சிக்கு முன் ராணி மாதிரி உட்கார்ந்துவிடுவார். நான் இரண்டு மணிக்கு வந்து அந்தக் காட்சியைத்தான் கண்டிருக்கிறேன்.

“திருநள்ளாத்துல சனிக்கிழமை ஒரு குஞ்சுகூட வாங்காது, இந்த ஊருல சனிக்கிழமைதான்டி கூட்டம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க” என்றாள் அமுதா.

எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினேன். “அப்ப இது?”

“ஓ! அது நாங்க சந்தைக்குப் போன நாள். திரும்பி வந்ததும் கோடு போடச் சொல்வாங்க. அது என் பென்சில்பா.”

நூற்றுச் சொச்சம் கோடுகளையும் இன்னொரு முறை பார்த்தேன். அதே கோடுகள்தாம். ஆனால் அவை இப்போது வேறு மாதிரி நின்றன.

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“அப்பாயி தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாங்க.”

“அதுக்காகப் பத்தொம்பது வருஷமா?”

“சத்தியத்துக்கு அவங்க கடைசி தேதி சொல்லலையே.” பிறகு, சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, அம்மாவின் குரலிலேயே சொன்னாள். “‘ஒங்கப்பன்கிட்ட சொல்லிடாதடி. கூடைய எறக்கி வெச்சுட்டேன்னு சந்தோசமா இருக்கான், பாவம்.’”

அந்தத் தமிழில் ஒரு பிழையும் இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. “இவ்ளோ சந்தோஷமா இருந்தவங்க, அப்ப ஏன் போனாங்க?”

அமுதா யோசித்தாள். “நான் சொன்னா, உங்களைத் தேத்துறதுக்குச் சொல்றேன்னு நெனப்பீங்க. புதன்கிழமை சந்தைக்கு வாங்க. யான் அங்கதான் இருக்கார். நான் அப்பப்போ போய்ப் பாக்குறதுண்டு.”

6

புதன்கிழமை அமுதா விடுப்பெடுத்து வந்தாள். மூவரும் ரயில் பாதையைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். என் முழங்காலுக்காக இரண்டு இடத்தில் நின்றோம். சந்தை தொடங்குவதற்கு முன்பே, காய்கறிக் கடைகளின் இரைச்சலுக்கு மேலாக, ஓர் ஆண் குரல் கேட்டது.

“மீனோ... மீனோய்!”

நான் நின்றுவிட்டேன். சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டார். உச்சரிப்பு சற்றுக் கோணல். ஆனால் இழுவை, இறக்கம், கடைசியில் அந்த உதறல், எல்லாம் கோட்டுச்சேரித் தெருமுனையில் கேட்டது போலவே.

யான் எழுபதைத் தாண்டியவர். இந்நாட்டின் மேற்குக் கடற்கரை மீனவர் குடும்பம்; வெள்ளை மீசை. மீன் வெட்டுவது இப்போது அவர் மகன்; அவர் கூவுவதற்கு மட்டும் வருகிறார். அமுதா என்னை அறிமுகம் செய்ததும், ஈரக்கையைத் துடைக்காமலே என் கையைப் பற்றிக்கொண்டு, ஐயா என்ற பொருளில் மிசே என்று அழைத்தார். சந்தையில் என் தாயாருக்கு அம்மா என்றே பெயராம்.

“அம்மாவின் மகனா? வாருங்கள், மிசே! உங்கள் தாயார் முதல்முறை இந்தக் குரலைக் கொடுத்தபோது சந்தையே திரும்பிப் பார்த்தது. அன்று பதினோரு மணிக்கெல்லாம் மீன் தீர்ந்துவிட்டது. அவர் போன பிறகு நான் அதை எடுத்துக்கொண்டேன். இதற்குப் பொருள் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதாவது பிரார்த்தனையா?”

“மீன் என்று பொருள்” என்றேன்.

“அவ்வளவுதானா?” என்றார், சற்றே ஏமாற்றத்துடன்.

அதற்குள் சரோஜாவிடமிருந்து ஒரு கூச்சல். கடையின் பின்சுவரில், தராசுக்கு மேலே மாட்டியிருந்தது ஓர் அரிவாள்மனை. “என் அருவாமனை! ஏங்க, அது எங்கம்மா எனக்குச் சீர் குடுத்ததுங்க! காணும் காணும்னு வீடெல்லாம் தேடி, நீங்கதான் குப்பையில போட்டுட்டீங்கன்னு எத்தன வருஷம் ஒங்களத் திட்டியிருக்கேன்!”

அதை நானும் மறக்கவில்லை. நின்று கத்தியால் வெட்டுவது அம்மாவுக்குச் சரிப்படவில்லையாம். ஒரு சனிக்கிழமை பையிலிருந்து இதை எடுத்தாராம். மகன் ஒரு மீன் வெட்டுவதற்குள் அவர் மூன்று முடிப்பார் என்று யான் சொல்ல, வெட்டிக்கொண்டிருந்த மகன், “இரண்டரை” என்று திருத்தினார். திரும்பத் தருவதாக யான் அரிவாள்மனையைக் கழற்றினார். சரோஜா அதை வாங்கி, கூர் பார்த்து, முனையைத் தடவி, பிறகு அவரிடமே கொடுத்துவிட்டார்.

“மாட்டச் சொல்லுங்க. அது இங்கேயே இருக்கட்டும். நான் திட்டுனதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன்.”

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். என் தாயார் ஏன் திரும்பிப் போனார் என்று தெரியுமா?

யானும் அமுதாவும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். “நானும் அதைத்தான் கேட்டேன், மிசே. கடைசிச் சனிக்கிழமை. நான் கொடுத்த தலைகள் போதவில்லையா, குளிர் தாங்கவில்லையா, வீட்டில் ஏதும் மனத்தாங்கலா என்று கேட்டேன். இந்தப் பெண் மொழிபெயர்த்தாள். மிக நீளமாகப் பதில் சொன்னார். சொல்லு, பெண்ணே, உன் பாட்டி சொன்னபடியே சொல்லு.”

அமுதா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். “‘வீட்டுல எனக்கென்ன கொறை, எம்புள்ளையும் மருமவளும் தாங்குறாங்க. ஆனா இவங்க ஊருல வாரத்துல ரெண்டு நாளுதான் மீனு. எங்க ஊருல ஆறு நாளு. மிச்ச நாளெல்லாம் நான் என்னடா பண்றது? தடைக்காலம் முடியப் போவுது, படகெல்லாம் கடலுக்கு எறங்கிடும். நான் இல்லன்னா கோட்டுச்சேரிக்காரங்க சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?’”

நான் சிரித்துவிட்டேன். சந்தை நடுவில் நின்று, மீசைக்காரர் ஒருவரின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். பதினான்கு மாதங்கள் அம்மா என் வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. என்னை வெறுத்துப் போகவும் இல்லை. அவருக்கு வேலை இருந்தது, அதற்குப் போனார். நான் அதிகாலை ரயிலுக்கு எழுந்து போனதைப் போல.

புறப்படும்போது யான் ஒரு பையை நீட்டினார். உள்ளே இரண்டு பெரிய கொடுவாத் தலைகள். விலை கேட்டேன். தலைக்கு விலை சொல்வதை உங்கள் அம்மா அனுமதித்ததில்லை என்றார்.

7

வியாழக்கிழமை திதி. அடுப்பைத் தவிர எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்த வீட்டில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் படம் வைத்தோம். இட்லி, வடை, அதிரசம், வாழைப்பழம். நடுவில் மீன் தலைக் குழம்பு. சரோஜா அம்மாவின் பக்குவத்தில், மாங்காய் போட்டு வைத்திருந்தார். அமுதா முதன்முறையாகத் தலையை எடுத்துக் கண் வரைக்கும் உறிஞ்சினாள். “அப்பாயி எனக்கு எப்பவும் இதத்தான் குடுப்பாங்க” என்றாள்; ஆகவே முதன்முறை என்று நான் எழுதியதும் பிழை.

“கொழம்பு ரொம்ப நல்லாயிருக்கு சரோ” என்று வாய் திறந்து சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, காய்ச்சலா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. பிறகு வீட்டைத் திரும்பப் பெற அலுவலர் ஒருவர் வந்தார். இளம்பெண். சுவர், குழாய், தரை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, அலமாரிக் கதவைத் திறந்து, நீலக் கோடுகளின் முன் நின்றார். பென்சில் கோடுகளை அழித்திருக்கலாம்; எனக்கு மனம் வரவில்லை. “இவை என்ன?” என்று கேட்டார். “என் தாயார் வேலைக்குப் போன நாட்கள்” என்றேன். அவர் தம் படிவத்தில், “வழக்கமான உபயோகத்தால் ஏற்பட்ட அடையாளங்கள்” என்று எழுதிக் கையெழுத்திட்டார். இந்நாட்டு அலுவலகங்கள் என் தாயாரைப் பற்றி எழுதியவற்றுள் உண்மைக்கு அருகில் வந்த வாக்கியம் அது.

மாலையில் புது வீட்டு வாசலில் நின்று, எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று கைகாட்டிக்கொண்டிருந்தேன். சாமான் இறக்கியவர்களில் ஒருவர் தகரப்பெட்டியோடு வந்து என் முன் நின்றார். உள்ளே புடவையும் தொப்பியும் பாக்குவெட்டியும் தப்ளியேவும் இருந்தன. ஒட்டுச்சீட்டில் யாருடையது என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, உள்ளே என்ன என்ற இடத்தில், ஆட்சி அலுவலகத்தின் கண்ணாடிக்கு முன் நான் சொல்லாமல் விட்டதை, என்னால் முடிந்த அளவு அழகான கையெழுத்தில், பிரெஞ்சில் எழுதியிருந்தேன்: மீன் வியாபாரம்.

அவர் சீட்டைப் படித்து, பெட்டியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, முகர்ந்து பார்த்தார்.

“ஐயா, உள்ளே மீனா? இத்தனை மணி நேரம் வண்டியில் இருந்திருக்கிறதே, கெட்டுப்போயிருக்காதா?”

“பத்தொன்பது ஆண்டுகளாகக் கெடவில்லை” என்றேன். “சமையலறைக்குக் கொண்டுபோங்கள்.”